விசா வரும்வரை

வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது. கார் சாவி மகனிடம். நாய் மகள் வீட்டில். இரத்த அழுத்த மாத்திரை, மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி, பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. சபையில் சாட்சி சொல்லி, அழுது, கட்டித் தழுவி விடைபெற்றும் ஆயிற்று. அதற்குப் பிறகு தகவல் வருகிறது: விசா இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ, அரிசோனா மாநிலங்களில் பணி ஓய்வு பெற்ற பல தம்பதிகளுக்கு இது தெரிந்த நிலைமைதான். வெளிநாட்டில் ஊழியம் செய்யப் பெயர் கொடுத்து, அழைப்பும் கைக்கு வந்த பிறகு, போக வேண்டிய நாட்டின் அனுமதிக்காக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த நாட்டுக்குப் போய் அவர்கள் செய்கிற வேலைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. போவதற்கு முந்திய இந்த இடைக்காலத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அவர்களுடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் இந்தக் காலத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். உலகம் ‘மார்மன்கள்’ என்று சொல்லிப் பழகிய சபை. அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று சபைத் தலைமை 2018 முதல் வலியுறுத்தி வருகிறது. 1830 ஏப்ரல் 6 அன்று ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. இன்று தலைமையிடம் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. உறுப்பினர்கள் உலகெங்கும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். உபதேசத்தில் நம் ஊர்த் திருச்சபைகளுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடுகள் உண்டு. பைபிளோடு மார்மன் புஸ்தகத்தையும் வேதமாகக் கொள்வதை நம் சபைகள் ஏற்பதில்லை. அந்த விவாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. வயதான இருவர் வீடு வாசலை விட்டுப் புறப்படத் துணிவதும், பாதி வழியில் நிறுத்தப்பட்டும் சோர்ந்து போகாமல் இருப்பதும் எந்தச் சபைக்காரருக்கும் பயன்படும் செய்தி.

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராக வரும் இளைஞர்களைத்தான் இந்தச் சபையின் ஊழியக்காரர்களாக ஊருக்குத் தெரியும். 2012-ல் சபைத் தலைவராக இருந்த தாமஸ் எஸ். மான்சன் ஆண்கள் 18 வயதிலும் பெண்கள் 19 வயதிலும் புறப்படலாம் என்று அறிவித்ததிலிருந்து அந்த இளைஞர் கூட்டம் பெருகியது. மூத்த தம்பதிகள் வேறு ரகம். பிள்ளைகள் வளர்ந்து தனியாகப் போயிருக்க வேண்டும், உடம்பு ஒத்துழைக்க வேண்டும், செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம், 18 மாதம், 23 மாதம் என்று காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வீடு வீடாகக் கதவைத் தட்டும் வேலை இவர்களிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. அலுவலகம் நடத்துவது, குடிநீர்த் திட்டங்களுக்கும் சக்கர நாற்காலி வழங்கும் திட்டங்களுக்கும் உதவுவது, பழைய ஆவணங்களைப் படமெடுப்பது, சிறிய சபைகளுக்குத் துணையாக நிற்பது என்று வாழ்நாளில் கற்ற திறமைகளைப் பயன்படுத்தும் பணிகளே கிடைக்கின்றன. கணவர் ‘எல்டர்’, மனைவி ‘சிஸ்டர்’. 40 வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அக்கம்பக்கத்தாரும் இனி அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பணம் பெரிய விஷயம். அமெரிக்க இளைஞர்களுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை, எந்த நாட்டுக்குப் போனாலும். தம்பதிகளுக்கு அப்படி இல்லை. வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம் அந்தந்த ஊர் விலைதான். டோக்கியோவோ லண்டனோ என்றால் ஓய்வூதியம் கரைந்துவிடும் என்று பலர் தயங்கினார்கள். அதற்காகவே 2011-ல் வீட்டு வாடகைக்கு மாதம் 1,400 டாலர் உச்சவரம்பு வைத்து, அதற்கு மேல் ஆவதைச் சபை ஏற்கும் என்று மாற்றினார்கள். வெளிநாட்டுப் பணிக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்ற குறுகிய காலங்களும் அப்போதுதான் திறந்தன.

2001-ல் சபையின் பொது மாநாட்டில் பேசிய மூத்த தலைவர் ராபர்ட் டி. ஹேல்ஸ், தம்பதிகள் புறப்படத் தயங்குவதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார்: பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, தமக்கேற்ற பணி கிடைக்குமா என்ற சந்தேகம், பணம். நான்கும் சரி. ஐந்தாவதாகக் காத்திருப்பைச் சேர்க்க வேண்டும் என்பேன். முதல் நான்கையும் வென்று பெட்டி கட்டியவர்களைத்தான் ஐந்தாவது பிடித்துக்கொள்கிறது.

காகிதங்களின் பாதை

மதப் பணிக்கான விசா சுற்றுலா விசாவைப் போலச் சட்டென்று கிடைப்பதில்லை. யார் வருகிறார்கள், எந்த அமைப்பு அழைக்கிறது, அந்த அமைப்பு உள்ளூரில் பதிவு பெற்றதா, எத்தனை பேரை ஏற்கலாம் என்று ஒவ்வொரு அரசும் தன் கணக்கில் பார்க்கிறது. எஃப்.பி.ஐ.யின் குற்றப் பின்னணிச் சான்று, அதை வெளிநாடு ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை, திருமணச் சான்று, பிறப்புச் சான்று, மருத்துவர் கையெழுத்து என்று கோப்பு தடிக்கிறது. சான்றுகளுக்குக் காலாவதி தேதி உண்டு. தூதரகத்தில் கோப்பு தூங்கும்போது சான்று காலாவதியாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. முதியவர்களுக்கு இன்னொரு சங்கடம்: வயதாக ஆக விரல் ரேகை தேய்ந்து மங்குகிறது. பதிவு தெளிவில்லை என்று திரும்பி வர, மறுபடி போய் விரலை வைக்க வேண்டியிருக்கும். வாழ்நாளெல்லாம் வயலிலோ சமையலறையிலோ உழைத்த கைகளுக்கு இது நேர்வது எனக்கு உறுத்துகிறது.

மருத்துவக் காப்பீடு தனிக் கதை. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் கைகொடுக்கிறது, ஆனால் பொதுவாக அது நாட்டு எல்லையோடு நின்றுவிடும். வெளிநாட்டுக்கு வேறு காப்பீடு எடுத்து, பல மாதங்களுக்கான மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கி வைத்து, பற்களைச் சரிசெய்துகொண்டு கிளம்ப வேண்டும். காத்திருப்பு நீண்டால் அந்த மாத்திரைகள் யூட்டாவிலேயே தீர்ந்து போகும்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறுவதும் உண்டு. ரஷ்யா 2007-ல் விசா விதிகளை இறுக்கியதால், வெளிநாட்டவர் 90 நாட்களுக்கு ஒருமுறை வெளியேற வேண்டும் என்ற நிலை வந்தது. 2016-ல் வந்த யாரோவயா சட்டம் பதிவு பெற்ற வழிபாட்டு இடங்களுக்கு வெளியே மதம் பரப்புவதையே கட்டுப்படுத்தியது. அங்கிருந்த இந்தச் சபையின் இளைஞர்கள் ‘தன்னார்வலர்கள்’ என்ற பெயரில் நடமாட வேண்டியதாயிற்று. இந்தியாவும் மிஷனரி விசாவைத் தனி வகையாக வைத்திருக்கிறது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட தமிழர் ஓ.சி.ஐ. அட்டையோடு ஊருக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் மிஷனரி பணி செய்ய வேண்டுமென்றால் அவரும் தனியாகச் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்பது 2021-ல் வெளியான அறிவிக்கையில் தெளிவாக இருக்கிறது. ஒரு நாடு தன் வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிப்பது அதன் உரிமை. இந்தத் தம்பதிகளும் அதைக் குறை சொல்வதில்லை.

நடுவில் தொங்கும் நாட்கள்

ஊழியத்துக்குப் புறப்படுகிறவரின் தலையில் கைவைத்து ஜெபித்துப் பணியில் ஏற்படுத்துவது அந்தச் சபையின் வழக்கம். அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் முழுநேர ஊழியக்காரர்கள். பெயர்ப்பட்டை நெஞ்சில் ஏறிவிடும். பிறகு யூட்டாவின் ப்ரோவோ நகரில் 1970களிலிருந்து இயங்கும் பயிற்சி மையம். இளைஞர்கள் மொழி கற்க அங்கே வாரக்கணக்கில் தங்க, மூத்த தம்பதிகளுக்குப் பெரும்பாலும் ஒரு வாரமே. பேரன் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று சாப்பிட்டு, வகுப்பில் உட்கார்ந்து, அந்த வாரம் ஓடிவிடுகிறது. வாரக் கடைசியில் விசா வந்திருந்தால் விமானம். வராவிட்டால் ‘தற்காலிகப் பணி’.

இந்த ஏற்பாட்டைத்தான் நான் மெச்சுகிறேன். விசா வரவில்லை என்பதற்காக யாரையும் சும்மா உட்கார வைப்பதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே ஏதாவது ஒரு மிஷனுக்கு, அதாவது ஊழிய வட்டாரத்துக்கு, அனுப்பிவிடுகிறார்கள். இப்படி அனுப்பப்படும் இளைஞர்களை ‘விசா வெயிட்டர்’ என்றே அங்கே சொல்கிறார்கள். பிரேசிலுக்குப் போகவேண்டிய பையன் டெக்ஸாஸில் சைக்கிள் மிதிப்பான். தம்பதிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிஷன் அலுவலக வேலை. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை, உள்ளே போனால்தான் அதன் பாரம் தெரியும். ஒரு மிஷனில் நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பல ஊர்களில் சிதறியிருப்பார்கள். அவர்கள் தங்கும் வீடுகளின் வாடகை ஒப்பந்தம், மெத்தை, மின்கட்டணம், பழுதான ஹீட்டர், காருக்கு ஆயில், வீட்டிலிருந்து வரும் பார்சல், காய்ச்சலில் கிடக்கும் பையனுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்குவது எல்லாம் இந்த அலுவலகத்தின் தலையில். பையன்கள் காலி செய்த வீட்டின் அடுப்பையும் குளியலறையையும் 67 வயது அம்மா ஒருவர் முட்டி போட்டுத் தேய்ப்பது அங்கே சாதாரணக் காட்சி. அவர் வாழ்க்கையில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்திருக்கலாம், கணவர் பொறியாளராக இருந்திருக்கலாம். பட்டமும் பதவியும் அந்த வீட்டு வாசலில் நின்றுவிடுகின்றன.

சிலர் சால்ட் லேக் சிட்டியிலேயே தங்கிவிடுகிறார்கள். 1991-ல் திறக்கப்பட்ட மனிதநேய உதவி மையத்தில் துணிகளைத் தரம் பிரிப்பது, நிவாரணப் பெட்டிகளைக் கட்டுவது போன்ற வேலைகள் உண்டு. குடும்ப வரலாற்று நூலகம் இன்னொரு பெரிய இடம். 1894-ல் தொடங்கிய அமைப்பு அது. உலகெங்கும் எடுத்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை ஒரு கிரானைட் மலையைக் குடைந்து உள்ளே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றை எண்மப்படுத்தும் வேலை 2021-ல் முடிந்தது. பெயர்களைப் படித்துப் பட்டியலிட, தாத்தாவின் பெயரைத் தேடி வருகிறவருக்கு வழி காட்ட ஆட்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வயதானவர்களின் பொறுமைக்கு ஏற்ற வேலை.

வேலை கிடைத்தாலும் மனம் லேசில் இறங்கிவிடாது. வெப்ப மண்டல நாட்டுக்கென்று பருத்திச் சட்டைகளாக அடுக்கிவிட்டு, யூட்டாவின் பனியில் கம்பளிக் கோட்டு இல்லாமல் நிற்க நேரும். சொந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. யாரோ ஒருவரின் வீட்டு அடித்தளத்தில் ஒற்றை அறை. 40 வருடத் தாம்பத்தியத்தில் பகல் முழுவதும் அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று இருந்தவர்கள் இப்போது இருபத்து நான்கு மணி நேரமும் ஒன்றாக. இது எளிதான பாடமல்ல. இன்னும் கூச்சமானது ஒன்று உண்டு. ஊரே கூடி வழியனுப்பிய பிறகு பக்கத்து ஊர்க் கடையில் பழைய அண்டை வீட்டுக்காரர் எதிர்ப்பட்டு, “இன்னும் போகலையா?” என்று கேட்பார். விசாவுக்குக் காத்திருந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வியின் முள் தெரியும்.

பேரப்பிள்ளைகள் விஷயம்தான் எல்லாவற்றிலும் கனமானது. இளைஞர்களுக்கு உள்ள கடுமையான ஒழுங்குகள் தம்பதிகளுக்கு இல்லை. குடும்பத்தோடு தாராளமாகப் பேசலாம். ஆனால் போகப்போகிறோம் என்று தயார் செய்த குழந்தையிடம் இன்னும் போகவில்லை என்று சொல்வதும், அடுத்த வாரமே திரும்ப விடைபெறுவதும் இரண்டு பக்கத்தையும் கிழிக்கும். ஒரே விடைபெறுதலை இரண்டு முறை தாங்கும் தெம்பு 70 வயதில் எல்லோருக்கும் இருக்காது. சிலர் இந்தக் கட்டத்தில் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினால் அவர்களைக் குறைவாக நினைக்க யாருக்கும் உரிமையில்லை.

லூயிசா பிராட் கண்ட தீவு

இந்தச் சபையின் சரித்திரத்திலேயே இப்படி ஒரு தம்பதி உண்டு. அடிசன் பிராட் முன்பு திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர். 1843-ல் மனைவி லூயிசாவையும் நான்கு பெண் பிள்ளைகளையும் இல்லினாய் மாநிலத்தின் நாவூவில் விட்டுவிட்டுப் பசிபிக் தீவுகளுக்கு ஊழியத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு துபுவாய் தீவில் இறங்கினார். அவர் இல்லாத காலத்தில் சபையார் நாவூவிலிருந்து துரத்தப்பட்டார்கள். லூயிசா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தனியாகவே மேற்கு நோக்கிப் பயணப்பட்டு சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். கணவரை மீண்டும் பார்த்தது 1848-ல்.

ஏறக்குறைய ஒரு வருடமே சேர்ந்திருந்த நிலையில் 1849-ல் அடிசனுக்கு மறுபடி அழைப்பு. இந்த முறை லூயிசாவும் பின்தொடர்ந்தார். 1850 அக்டோபரில், 47 வயதில், மகள்களோடும் தங்கை குடும்பத்தோடும் கப்பலேறி துபுவாய் வந்து இறங்கினால் கணவர் அங்கே இல்லை. தீவுகளை ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள் அவரை தஹிட்டியில் தடுத்து வைத்திருந்தார்கள். மொழி தெரியாத தீவு, எப்போது விடுவார்கள் என்று தெரியாத கணவர். அடிசன் வந்து சேர அடுத்த ஆண்டு ஜனவரி ஆயிற்று. அதற்குள் லூயிசா ஓய்ந்திருக்கவில்லை, தீவுப் பெண்களோடு பழகத் தொடங்கிவிட்டார். அங்கே இருந்த காலத்தில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பாடம் நடத்தினார், தையல் கற்றுக்கொடுத்தார். 1852-ல் பிரெஞ்சு அரசின் கெடுபிடியால் மிஷனையே மூடிவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. வீட்டிலும் காத்திருந்து, போய்ச் சேர்ந்த இடத்திலும் காத்திருந்தவர் அவர். இன்று தற்காலிகப் பணியில் இருக்கும் ஒரு சிஸ்டர் தமக்கு முன்னோடி யார் என்று தேடினால் லூயிசாவைத்தான் காட்டுவேன்.

நம் காலத்தில் இந்தக் காத்திருப்பை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அனுபவித்தது 2020-ல். மார்ச் மாதத்தில் கொரோனா நாடுகளின் எல்லைகளை மூடியபோது பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து வெளிநாட்டு ஊழியக்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பயிற்சி இணையத்துக்கு மாறியது. 2019 இறுதியில் 67,021 ஆக இருந்த முழுநேர ஊழியக்காரர்களின் எண்ணிக்கை 2020 இறுதியில் 51,819 ஆகக் குறைந்தது. நோய் முதியவர்களைத்தான் முதலில் குறிவைத்தது என்பதால் தம்பதிகள் பலருக்கு வீடு திரும்புவது தவிர வழியில்லை. சொந்த நாற்காலியில் உட்கார்ந்து கணினி வழியாக வேறு நாட்டு அலுவலகத்தின் கணக்கை எழுதியவர்கள் அதன் பிறகு பெருகினார்கள்.

மறுகரையில் காத்திருந்தவர்

காத்திருப்பவர்கள் எப்போதும் புறப்படும் பக்கத்தில் மட்டும் இருப்பதில்லை. 1954-ல் கோவையில் சிமென்ட் ஆலைக் கணக்கராக இருந்த எஸ். பால் திருத்துவதாஸ், இந்தச் சபையின் துண்டுப்பிரசுரம் ஒன்றைப் பார்த்துவிட்டு சால்ட் லேக் சிட்டிக்கு எழுதினார். இந்தியாவில் அப்போது அவர்களுக்கு மிஷன் கிடையாது. கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. அவர் ஞானஸ்நானம் பெற்றது 1965-ல். பதினோரு வருடம். அந்த இடைவெளியில் தனக்குத் தெரிந்ததை அக்கம்பக்கத்தில் சொன்னார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் விடுதிகளும் நடத்தினார். யாராவது வந்து தொடங்கி வைக்கட்டும் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை.

ஹைதராபாத்தில் இந்தச் சபை வேர்விட்டதும் ஒரு தம்பதியால்தான். சமோவாவில் பூச்சியியல் வல்லுநராகப் பணியாற்றிய எட்வின் தர்மராஜுவும் மனைவி எல்சியும் அங்கே சபையில் சேர்ந்து, 1978 டிசம்பரில் குறுகிய கால ஊழியக்காரர்களாகச் சொந்த ஊரான ஹைதராபாத்துக்கு வந்தார்கள். உறவினர்கள் 22 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 2012-ல் இந்தியாவின் முதல் ஸ்டேக், அதாவது பல சபைகளைச் சேர்த்த முதல் மாவட்ட அமைப்பு, அதே ஹைதராபாத்தில்தான் உருவானது. இருவர், குறுகிய காலம், தெரிந்த மொழி, தெரிந்த வீடுகள். பெரிய திட்டங்களால் ஆகாததை இது செய்தது.

தமிழ் வாசகர்களிடம், குறிப்பாகச் சபை மக்களிடம், இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்மிடமும் ஊழிய மரபுக்குக் குறைவில்லை. வேதநாயகம் சாமுவேல் அசரியா போன்றவர்கள் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, திருநெல்வேலியின் காணிக்கையில் தெலுங்கு நாட்டு தோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். இன்றும் வடமாநிலங்களில் தமிழ் ஊழியக்காரர்கள் ஏராளம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இளமையில் வாழ்நாள் முழுவதையும் கொடுத்துப் போனவர்கள். 60 வயதில் ஓய்வுபெறும் ஆசிரியைக்கும், செவிலியருக்கும், வங்கி அலுவலருக்கும் நம் சபைகள் வைத்திருக்கும் இடம் ஆலய வராந்தா நாற்காலியும் கமிட்டித் தேர்தலும்தான். ஆறு மாதமோ ஒரு வருடமோ கணவனும் மனைவியுமாகப் போய் ஒரு பணித்தளத்தின் கணக்கைச் சீர்செய்து, விடுதிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து, மருந்தகத்தை ஒழுங்குபடுத்திவிட்டு வர ஒரு வழி இருந்தால் எத்தனை பேர் முன்வருவார்கள்!

சேகரக் குருவானவர்களும் சேகரக் கமிட்டிகளும் மிஷனரி சங்கங்களின் நிர்வாகிகளும் இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேச வேண்டும். காலத்தைத் தம்பதிகளே தேர்ந்தெடுக்கட்டும், செலவுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கட்டும். பெயர் கொடுத்த தம்பதிக்குப் பணித்தளம் தயாராகச் சில மாதங்கள் ஆகுமென்றால் அதை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அந்த மாதங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தையோ மாலைப் பள்ளியையோ அவர்கள் கையில் ஒப்படையுங்கள்.